முறிஞ்சவனுக்கு ஆர் ஊட்டுக் கடன் குடுப்பா?

வா மருமகன், இரி. கதிரைய இழுத்துக் கிட்டப் போடு, கடன் கத உரக்கப் பேசப்படாது. பிளேன்டீ வருது. சீனி கொறவாத்தான் இரிக்கும். நீ படலையால திரும்புறதக் கண்டதும் ஒன்ட மாமி சீனிப் போத்தல மூடி வெச்சிட்டா.

ஊட்டுக் கடன் எடுக்கப் போறாயாம், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில பேசிக்கிறானுகள். சந்தோசம். முதலாவது ஊடாம். கேக்கச் சிரிப்பு வருது மனே. நம்ம பக்கத்து ஆம்புளைக்கு முதலாவது ஊடு எண்டு ஒண்டு எந்தக் காலத்தில இரிந்திச்சி? பொறந்து வளந்தது உம்மாட ஊட்டில. கலியாணம் முடிச்சிப் போனது பொஞ்சாதிட ஊட்டுக்கு. இப்ப மகளுக்குப் பதினாலு எண்ட ஒடன மூணாவது ஊட்டுக்கு அத்திவாரம் வெட்ட நிக்கிறாய். ரெண்டு கூரைக்குக் கீழ படுத்தும் ஒரு உறுதியிலயும் ஒன்ட பேர் இல்ல. கொழும்புக்காரனுக்கு இதச் செல்லி விளங்கப்படுத்த ஏலாது. மட்டக்களப்பு வாவியச் சுத்தி இரிக்கிற தமிழாக்களும் சரி, நம்ம சோனக ஆக்களும் சரி, ஊடு பொம்புளைக்கி எண்டதுதான் வழக்கம். ஆம்புள கட்டுவான், கடன்படுவான், சீமெந்து தேடி அலைவான். கடைசியில மகள்ட மாப்புள வந்து விறாந்தையில கால நீட்டிக்கிட்டு, "மாமா, இந்த ஃபேன் கொஞ்சம் சத்தம் போடுது" எண்டுவான்.

அதில பிழையில்ல. நானும் அப்படிக் கட்டினவன்தான். ஒன்ட விசயத்தில உள்ள சில்லெடுப்பு என்னெண்டா, நீ ஒரு தரம் முறிஞ்ச ஆள்.

கோவிச்சிக்காத. முறிஞ்சது ஒன்ட கெட்டித்தனக் கொறவால மட்டும் எண்டு நான் செல்றல்ல. லீசிங்ல லொறி எடுத்து நெல்லு யாவாரம் தொடங்கினாய். 2021 மே மாசம் இரசாயன உரம் நாட்டுக்குள்ள வரப்படாது எண்டு அரசாங்கம் தட செஞ்சிச்சி. நவம்பர்ல தடைய எடுத்திச்சி; அதுக்குள்ள பெரும்போக விதைப்பு முடிஞ்சி, வயல் மஞ்சளாப் போயிட்டு. நெல்லில்லாம நெல்லு யாவாரம் செஞ்ச ஆள் நீ. அடுத்த வருசம் டீசல் வரிசை. லொறி செட்டுக்குள்ள நிண்டிச்சி, ஆக்கள் வரிசையில நிண்டாங்க, லீசிங் தவணை மட்டும் எந்த வரிசையிலயும் நிக்காம நேரத்துக்கு வந்திச்சி. ஒரு நாள் விடிய சீஸ் பண்ற பொடியனுகள் வந்து லொறிய எடுத்திட்டுப் போனானுகள். நீயும் அவனுகளுக்குத் தலையாட்டி உட்டுட்டு, கணக்கு முடிஞ்சிட்டு எண்டு ரெண்டு நாள் நிம்மதியாப் படுத்தாய்.

அந்தப் படுக்கைதான் இப்ப ஒன்ட காலச் சுத்துது. லொறி போனா கணக்குப் போறல்ல. லீசிங்காரன் அத ஏலத்தில வித்திரிப்பான். விக்கிற விலை கடனுக்குக் காணாது. மிச்சமும், மிச்சத்துக்குத் தண்ட வட்டியும், லொறிய இழுத்துப்போன கூலியும் ஒன்ட பேரில அப்படியே கெடக்கும். அதுக்குப் பொறகு கொம்பனியால கோல் வந்தா நீ என்ன செஞ்சாய்? சிம்ம மாத்தினாய். லொறி போனதை உடப் பெரிய நட்டம் மனே, அந்த நூறு ரூவாச் சிம்.

ஊரார் ஒன்ன வங்குரோத்து எண்டு செல்றாங்க. சட்டப்படி பாத்தா அந்தப் பட்டமும் ஒனக்கு இல்ல. இந்த நாட்டில தனி ஆள் முறிஞ்சி போறதுக்கு வெள்ளைக்காரன் 1853 ல போட்ட ஒரு கட்டளைச்சட்டம் இரிக்கி, விக்டோரியா ராணிட காலம். நீதிமன்றத்துக்குப் போய், இரிக்கிறதையெல்லாம் காட்டி, கடன்காரருக்குப் பங்கு வெச்சி, விடுதலக் கடிதம் எடுக்கிற ஏற்பாடு. அந்த வழியால போய்த் தல நிமிந்த ஒரு யாவாரிய நான் ஏறாவூரிலயும் காணல்ல, காத்தான்குடியிலயும் காணல்ல. நம்ம ஆக்கள் முறிஞ்சா சத்தமில்லாம முறிவாங்க. ஒருத்தன் கட்டாருக்குப் போவான், இன்னொருத்தன் சந்தைக்குப் போறத உட்டுட்டு சுபஹுக்குப் பிந்திப் பள்ளிக்கு வருவான்.

வெளிநாட்டில அப்படியில்ல. செங்கலடியில எனக்கொரு பழைய கூட்டாளி, அவர்ட மகன் டொரொண்டோவில கடை போட்டு முறிஞ்சவன். அங்க முதல் தரம் வங்குரோத்துக் குடுத்த ஆள், வருமானம் கொறவா இரிந்தா, ஒம்பது மாசத்தில விடுபட்டிரலாமாம். பேரில உள்ள கறை அதுக்குப் பொறகு ஆறு ஏழு வருசம் நிண்டு மறையும். இங்கிலாந்தில ஒரு வருசத்தில விடுதலை. அமெரிக்காவில அரசாங்க உத்தரவாதத்தோட குடுக்கிற ஊட்டுக் கடனுக்கு, விடுதலையாகி ரெண்டு வருசம் ஒழுங்கா இரிந்தா திரும்பக் கையெழுத்து வெக்க உடுறானுகள். காபிர் நாடு எண்டு நாம பேசுறம். முறிஞ்ச மனிசனுக்கு ஒரு முடிவுத் திகதி குடுத்து வெச்சிரிக்கானுகள். இஞ்ச முடிவுத் திகதியும் இல்ல, தொடக்கத் திகதியும் இல்ல. கேட்டா எல்லாரும் ஒரே வார்த்த: "கிரிப்ல விழுந்திட்டான்."

அந்தக் கிரிப்புக்குப் பயந்து நீ வங்கி வாசல்ப் படி ஏறுறல்ல எண்டு ஒன்ட பொஞ்சாதி செல்றா. அது என்ன புலியா? கடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கச் சட்டத்தால வந்த ஒரு கொழும்புக் கந்தோர். வங்கியும் லீசிங் கொம்பனியும் நிதிக் கொம்பனியும் அதுக்குக் கணக்குக் குடுக்கும்: ஆர் எடுத்தான், எவ்வளவு எடுத்தான், எத்தின நாள் பிந்தினான், ஆருக்குப் பிணை நிண்டான். எழுதி வெக்கிறதோட அதுட வேல முடிஞ்சிட்டு. இவனுக்குக் குடுக்காத எண்டு அது எந்த மனேஜருக்கும் கட்டளை போடல்ல. கறுப்புப் பட்டியல் எண்டு ஒண்டு தன்னட்ட இல்ல எண்டு பணியகமே செல்லிக்கிட்டு இரிக்கி. ஏலாது எண்டு செல்றது வங்கிட வாய். பழிய மட்டும் கிரிப்ட தலையில வெச்சிட்டு, "நாங்க குடுக்கத்தான் விருப்பம் தம்பி" எண்டு சிரிப்பாங்க.

நமக்கு இது புதுசுமில்ல. பள்ளியில ஜனாஸாத் தொழுகைக்கு முன்னுக்கு மூத்த மகன் எழும்பி, "வாப்பா ஆருக்கும் குடுக்க வேண்டி இரிந்தா எங்களிட்டச் செல்லுங்க" எண்டு அறிவிக்கிறான்தானே. கிரிப் அதையே நீ உசிரோட இரிக்கக்குள்ள வாசிக்கிது. என்ன, ஜனாஸாவில எண்டா கண்ணத் தொடச்சிக்கிட்டு "நான் மன்னிச்சிட்டன்" எண்டு ரெண்டு பேராவது செல்லுவாங்க. லீசிங்காரன் அந்த சஃப்பில நிக்கிறல்ல.

அதனால முதல் வேல, ஒன்ட அறிக்கைய நீயே எடு. தன்ட கிரிப் அறிக்கையத் தானே விண்ணப்பிச்சி எடுக்கிறதுக்கு எல்லாருக்கும் உரிம இரிக்கி. ஆனாப் பயம். என்ன எழுதியிரிக்குதோ எண்டு பாக்காமலே ஊரெல்லாம் பெருமூச்சு உடுறாய். பாரு முதல்ல. லொறிக் கணக்கு ஒண்டுதான் எண்டு நீ நெனச்சிக்கிட்டு இரிப்பாய். ஒன்ட மச்சான் மோட்டச் சைக்கிள் எடுக்கக்குள்ள புரியாணி திண்டுட்டுப் பிணைக் கையெழுத்து வெச்சாயே, அதுவும் அதுக்குள்ள சம்மணம் போட்டு இரிக்கும். கட்டி முடிச்ச கணக்கக் கட்டல்ல எண்டு எழுதியிரிந்தா, எழுதிக் குடுத்த வங்கிதான் அதத் திருத்த வேணும். முறைப்பாடு குடுக்கலாம். மறுகா, "கிரிப்பில இரிந்து பேர எடுத்துத் தாறன், இருவத்தஞ்சாயிரம் தா" எண்டு வெள்ளச் சேட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான். அவனுக்குப் பிளேன்டீயும் குடுக்காத. அவனாலயும் ஏலாது, அவன்ட வாப்பாவாலயும் ஏலாது.

இப்ப இதக் கேளு. ஒன்ன உடப் பெரிய வங்குரோத்துக்காரர் ஒருத்தர் நாட்டில இரிந்தார். நாடுதான் அவர்.

2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடன் இனிக் கட்ட ஏலாது எண்டு இலங்கை அரசாங்கமே அறிவிச்சிச்சி. சுதந்திரம் கெடச்ச நாள்ல இரிந்து நடக்காத ஒண்டு. நீ சிம்ம மாத்தின அதே வருசம். ஆனா நாடு சிம்ம மாத்தல்ல மருமகன். அங்கதான் நீயும் அதுவும் வேற வேற வழியால போனீங்க. அறிவிச்ச கையோட கணக்குப் பொத்தகத்தத் தொறந்து வெச்சி, ஆருக்கு எவ்வளவு எண்டு எழுதி, கடன்காரன் ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு மேசையில இரித்தாட்டிச்சி. சீனா ஒரு பக்கம், இந்தியாவும் ஜப்பானும் பரிஸ் கழகமும் ஒரு பக்கம், முறி வாங்கின வெள்ளைக்காரன் ஒரு பக்கம். 2023 மார்ச் 20 சர்வதேச நாணய நிதியம் நாலு வருசத்துக்குக் கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலர் தாறன் எண்டு ஒத்துக்கிட்டிச்சி. முறிஞ்சி ஒரு வருசம் முடியல்ல, புதுக் கடன்! 2024 டிசம்பரில பழைய முறிகள வாங்கிக்கிட்டுப் புது முறி குடுத்து, முதல் தொகையில 27 சதவீதம் வெட்டினானுகள். அந்த மாசமே தரப்படுத்துற கொம்பனிகள் நாட்டுட புள்ளிய ஏத்திச்சி.

வெளங்குதா? பில்லியன் கணக்கில கடன்பட்டவன் இரிந்து பேசி, நாலில ஒரு பங்குக்கு மேல வெட்டு எண்டு கேட்டான், வெட்டினானுகள். நீ தண்ட வட்டியக் கொஞ்சம் கொறைங்க எண்டு கேக்கிறதுக்கு வெக்கப்பட்டு மூணு வருசம் பின் ஒழுங்கையால போனாய்.

நாட்டுக்கு அது சும்மா கெடைக்கல்ல எண்டும் தெரிஞ்சி வெச்சிக்க. கட்டினது நாம. வட் வரிய 18 சதவீதமாக்கினானுகள். கரண்டு பில்லு ஏறிச்சி. ஊழியர் சேமலாப நிதியில கூலிக்காரன் சேத்து வெச்ச சல்லிக்கு வாற வட்டியில கை வெச்சானுகள். நாடு முறிஞ்சா நாம கட்டுறம், நாம முறிஞ்சா நாமளே கட்டுறம். இதில என்ன நீதி எண்டு நீ கேக்கலாம். கேளு, கேக்கிறது நல்லந்தான். ஆனா லீசிங் கந்தோரில போய் இதக் கேக்காத. அங்க வேற கத பேச வேணும்.

அங்க போய் என்ன பேசிறண்டா: பாக்கி எவ்வளவு எண்டு எழுத்தில கேளு. முதல் வேற, வட்டி வேற, தண்டம் வேற எண்டு பிரிச்சிக் கேளு. அவன் பழைய கணக்கெல்லாம் இனிக் கெடைக்காது எண்டு தள்ளி வெச்சிரிப்பான். தள்ளி வெச்சது ஒன்ன மன்னிச்சதுக்கு அடையாளமில்ல, அவன்ட பொத்தகத்துக்கு வசதி. அதனால ஒரே முறையில கட்டுறன் எண்டு நீ போனா தண்டத்தில விட்டுத் தர மனசு வரும். பேசினதக் கடிதத்தில வாங்காம ஒரு சதமும் கட்டாத. கட்டின மறுகா, கணக்குத் தீர்ந்தது எண்டு கடிதம் வாங்காம கந்தோரை உட்டு வெளிய வராத. கொஞ்ச நாள் செண்டு திரும்பக் கிரிப் அறிக்கை எடுத்து, அதில தீர்ந்தது எண்டு விழுந்திரிக்கா எண்டு பாரு. பிந்தின கத அதில இன்னும் தெரியும். தெரியட்டும். பிந்திக் கட்டி முடிச்சவன் வேற, கட்டாமக் கெடக்கிறவன் வேற எண்டு பாக்கிற மனேஜர் இரிக்கான்.

அந்த லொறிக்குப் பிணை நிண்ட ரெண்டு பேரையும் மறந்திட்டாய் எண்டு நெனைக்கன். அவங்கட அறிக்கையிலயும் ஒன்ட லொறி ஓடிக்கிட்டுத்தான் இரிக்கி. ஒருத்தர் போன நோன்புக்கு மகன்ட படிப்புக்குக் கடன் கேட்டு வெறுங்கையோட வந்தவர். நேர போய் மொகத்தப் பாத்துப் பேசு. கந்தோரிக்குப் போகக்குள்ள ஓட்டோவில அவரையும் ஏத்திக்கிட்டுப் போனாயெண்டா இன்னும் நல்லம்.

இதெல்லாம் முடிஞ்சா ஊட்டுக் கடன் கெடைச்சிரும் எண்டு துள்ளாத. இப்பத்தான் காணிக் கதைக்கே வாறம்.

எந்தக் காணியில கட்டப் போறாய்? பொஞ்சாதிட உம்மா நன்கொடை உறுதி எழுதிக் குடுத்த துண்டு. சீவிய உரித்த அவ தன்ட கையில வெச்சிரிக்கா. அதாவது அவ மௌத்தாகும் வரைக்கும் அதில இரிக்கிற உரிம அவக்கு. வங்கி அந்த உறுதியப் பாத்தா மூக்கச் சுளிக்கும். அதுக்கு மேல, 2017 ல ஒரு சட்டம் வந்திரிக்கி, ஒனக்குத் தெரியுமா? திருப்பி எடுக்க ஏலாது எண்டு எழுதிக் குடுத்த நன்கொடையையும், வாங்கினவன் பெரிய நன்றிகேடு செஞ்சா நீதிமன்றத்தால திருப்பி எடுக்கலாம், உறுதி எழுதிப் பத்து வருசத்துக்குள்ள எண்டா. அதனாலதான் புது நன்கொடை உறுதி எண்டா வங்கிச் சட்டத்தரணி கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறார். ஒன்ட மாமியார்ர சாப்பாட்டில உப்புக் கூடிட்டு எண்டு நீ செல்றது கூட இனி வங்கிக்கு ஒரு ஆபத்துத்தான். நொத்தாரிஸிட்டப் போய், அவவையும் கையெழுத்தில சேத்து, சீவிய உரித்த உட்டுத்தர வெக்கிறதுக்கு வழி கேளு. ஆனா அவ எங்க போவா எண்டதுக்கு ஒரு பதிலையும் கையோட எடுத்திட்டுப் போ. அவ அதத்தான் முதல்ல கேப்பா. கேக்க வேணும்.

உறுதிட பரம்பரையும் கேப்பாங்க. முப்பது வருசத்துக்குக் காணிப் பதிவில தேடிப் பாத்து, கை மாறின ஒவ்வொரு உறுதியும் வேணும். கொழும்பில இது ஒரு வேல. இஞ்ச அது வேற. முப்பது வருசத்துக்குப் பின்னால ஒரு எட்டு வெச்சா 1990 வருது. அந்த ஆகஸ்டு மாசம் இந்த ஏறாவூரில நடந்த படுகொலைய ஒனக்கு நான் செல்லத் தேவையில்ல. உறுதிப் பெட்டிய எடுக்கிறதா புள்ளைய எடுக்கிறதா எண்டு நிண்ட சனம் இது. பக்கத்துத் தமிழ் ஊர்களிலயும் அந்த வருசம் பெட்டியோட ஓடினவன் கொறவு. எழுதினவனும் இல்ல, சாட்சிக்காரனும் இல்ல எண்ட காணிகள் எத்தினயோ. அதனால பிரதி எடுக்கிறதுக்கு மட்டக்களப்புக் காணிப் பதிவகத்துக்கு நாலு நடை கூட நட, சலிச்சிக்காத. மீராகேணிப் பக்கம் ஒனக்கிரிக்கிற மத்தத் துண்டுக்குப் பெர்மிட் மட்டுந்தான். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில குடுத்த காணிய நெனச்சவனுக்கு ஈடு வெக்க ஏலாது. பிரதேச செயலகத்தக் கேக்காம அதில கை வெக்காத.

நீ இன்னும் ஒண்டும் பேசல்ல. ஆனா ஒன்ட மனசில இரிக்கிற கதைய நான் செல்லட்டா? "எனக்குத் தராட்டி என்ன, பொஞ்சாதி டீச்சர்தானே, அவட கிரிப் பாலா இரிக்கி, அவட பேரில எடுப்பம்." இதத்தானே நெனச்சிக்கிட்டு வந்தாய்? தல குனியாத, எல்லா ஆம்புளையும் நெனைக்கிறதுதான். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆதனக் கடன் எண்டு ஒண்டு இரிக்கி, ஊடும் அவட பேரில வாற ஊடுதான், எடுக்கலாம். கூட்டாக் கேட்டா ரெண்டு பேர்ட அறிக்கையையும் பாப்பாங்க, அதையும் தெரிஞ்சிக்க. ஆனா தவண அவட சம்பளத் துண்டில வெட்டுப்படும். நீ நெல்லு விலை விழுந்திட்டு எண்டு மாசக் கடைசியில மொகத்த நீட்டினாலும் வெட்டுப்படும்.

நுண்கடன் கத ஞாபகம் இரிக்கா? ஆம்புளைட தேவைக்குப் பொம்புளைகள் குழுவாச் சேந்து கையெழுத்து வெச்சி, கிழமைக்கு ஒரு நாள் ஒரு ஊட்டு முத்தத்தில கூடி, கட்ட இல்லாதவட பங்க மத்தவ கட்டி... மட்டக்களப்பில மட்டும் எத்தின குடும்பம் அதில நொந்திச்சி. 2018 ல வரட்சி பாதிச்ச பன்ரெண்டு மாவட்டத்தில ஒரு லெட்சத்துக்கு உட்பட்ட அந்தக் கடன்கள அரசாங்கம் பொறுப்பெடுத்தது, நம்ம மாவட்டமும் அதில. அங்க கையெழுத்து வெச்ச ஒரு பொம்புளையும் தனக்கு லிப்ஸ்டிக் வாங்க எடுக்கல்ல. அதனால டீச்சர்ட பேரில எடுக்கிறண்டா, முதல்ல ஒன்ட லொறிக் கணக்க முழுசா அவட மேசையில வை. அவக்கு இன்னும் தண்ட வட்டி எவ்வளவு எண்டு தெரியா, எனக்குத் தெரியும். ஊரில எனக்குத் தெரிஞ்சது அவக்குத் தெரியாம இரிக்கிறது நல்லதுக்கில்ல.

வட்டி ஹராமெண்டு நீ இன்னொரு பக்கம் யோசிக்கிறாய். நல்லம், அந்த யோசன லொறி எடுக்கக்குள்ளயும் வந்திரிக்கலாம், ஆனா பிந்தி வந்தாலும் வரவு வரவுதான். அமானா வங்கி 2011 ல இரிந்து முழுசா வட்டியில்லாத முறையில நடக்கிது. அந்த முறையெண்டா, வங்கியும் நீயும் பங்காளியா ஊட்ட வாங்குறது, வங்கிட பங்குக்கு நீ வாடக கட்டுறது, மாசாமாசம் அந்தப் பங்க நீ கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கிறது. மத்த வங்கிகளிலயும் இஸ்லாமியப் பிரிவு இரிக்கி. ஆனா அங்க போனாக் கிரிப் பாக்க மாட்டாங்க எண்டு ஆரோ ஒனக்குச் செல்லியிரிக்கான். பாப்பாங்க. தொப்பி போட்ட மனேஜரும் கொம்பியூட்டரில அதே பக்கத்தத்தான் தொறப்பார். தவணைக்குக் கட்டாம உடுறது எந்த முறையில ஹலாலெண்டு நீயே ஹஸ்ரத்திட்டக் கேட்டுப் பாரு.

அரச ஈட்டு முதலீட்டு வங்கியையும் ஒருக்காப் போய்ப் பாரு. 1931 ல தொடங்கின வங்கிட வழி வந்தது. அது ஒலகமே முறிஞ்சி கெடந்த காலம். தோட்டச் சொந்தக்காரருக்கு நீண்ட காலக் கடன் குடுக்கத்தான் அதத் தொடங்கினானுகள். தோட்டக்காரர் முறிஞ்சா அவருக்கொரு வங்கியே தொறக்கிறாங்க, நெல்லு யாவாரி முறிஞ்சா சீஸ் பண்றவன் வாறான். செல்லிச் சிரிச்சிட்டு உள்ளுக்குப் போ.

சல்லி எங்கால வருது எண்டு கேப்பாங்க. அங்கதான் நீ திரும்ப மாட்டுவாய். இப்ப நீ மில்லுக்குத் தரகு செஞ்சி மாசம் நல்லாத்தான் உழைக்கிறாய், எனக்குத் தெரியும். எல்லாம் கையில வாங்கி சாரத்து மடியில சுத்துறாய். மடிக்கு எந்த வங்கியும் அறிக்கை எழுதித் தராது. இண்டையில இரிந்து தரகெல்லாம் கணக்கில விழட்டும். சீட்டுச் சல்லியும் கணக்கால போகட்டும். வரிக் கோப்பத் தொற. வரியெண்ட ஒடன மொகம் சுருங்குது பாரு! வருமானமில்ல எண்டு வரிக்காரனுக்கும் வருமானம் நெறய எண்டு வங்கிக்கும் ஒரே வாயால செல்ல ஏலாது மருமகன். ஒரு வருசம் அந்தக் கணக்கு ஒழுங்கா ஓடிட்டு எண்டா, அதுக்குப் பொறகு நீ வங்கியில கதைக்கத் தேவையில்ல, கடதாசி கதைக்கும்.

வட்டி மாறுமா நிக்குமா எண்டும் கேளு. 2022 ஏப்ரல் 8 மத்திய வங்கி ஒரே நாள்ல தன்ட வட்டிய 7 சதவீதப் புள்ளி ஏத்திச்சி. மாறுற வட்டியில ஊடு கட்டினவன் அண்டைக்கு ராவு தவணைக் கணக்கப் பாத்துக் கூரையப் பாத்தான். எத்தின வருசத்துக்கு மாறாது எண்டு எழுத்தில இரிக்கி எண்டு பாரு. கட்டாட்டி என்ன நடக்கும் எண்டும் பாரு. வழக்குப் போடாமலே ஈடு வெச்ச காணிய ஏலத்தில விக்கிறதுக்கு வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டுச் சட்டமொண்டு அதிகாரம் குடுத்திரிக்கி. யாவாரிகள் கத்தினதால 2024 ல கொஞ்ச காலம் அத நிப்பாட்டி வெச்சானுகள். லொறி போனா நடந்து போகலாம். பதினாலு வயசுப் புள்ளைட ஊடு ஏலம் போனா இந்த ஊரில அவக்கு ஆர் மாப்புள கேட்டு வருவான்?

அதனால ஊட்டச் சின்னனாக் கட்டு. ஒன்ட பிளான நான் பாத்தன். மேல் மாடி, வளைஞ்ச படி, முன்னுக்கு ரெண்டு தூணு, தூணுக்கு கிரானைட். ஆருக்குக் காட்ட? ஒன்ன வங்குரோத்து எண்டு செல்லிச் சிரிச்சவனுக்கு. அவன்ட கண்ணுக்கு நீ மாசாமாசம் இருவது வருசம் தவண கட்டப் போறாய், அவன் ரெண்டு நாள் பாத்திட்டு மத்த ஊட்டுத் தூணப் பாக்கப் போயிருவான். ரெண்டு அறை, குசினி, கக்கூசு, நல்ல கூரை. மேலுக்குக் கம்பிய உட்டு வை. ஏறாவூரில பாதி ஊடு வானத்தப் பாத்துக் கம்பி நீட்டிக்கிட்டுத்தான் நிக்கிது, ஆரும் அதுக்கு வெக்கப்படல்ல. சும்மா ஊடு கெடச்ச காலமும் இரிந்திச்சி, ஈராக்ட உதவியில கட்டின சதாம் ஹுசைன் கிராமம் இஞ்சதான் இரிக்கி. இப்ப சதாமும் இல்ல, சும்மா ஊடும் இல்ல.

மனேஜர் முன்னுக்கு இரிக்கக்குள்ள அவர் முதல்ல கேக்கப் போறது, "2022 ல ஏன் கட்டல்ல?" எண்டுதான். சுகமில்லாம இரிந்தன், தம்பி ஏமாத்திட்டான், லொறி எஞ்சின் பிழை எண்டெல்லாம் பொய்யக் கோக்காத. உரமில்ல, நெல்லில்ல, டீசலில்ல எண்டு செல்லு. அவரும் அந்த வருசம் சைக்கிள்லதான் வங்கிக்குப் போயிரிப்பார். பொறகு தீர்த்த கடிதத்த மேசையில வை. வெச்சிட்டு வாய மூடு. நாலு வார்த்த கூடப் பேசித்தான் நீ லொறியே வாங்கினாய்.

பிணைக்கு ஆள் கேட்டா மட்டும், ஏறாவூரில எனக்கு மாமா ஒருத்தர் இரிக்கார் எண்டு வாயத் தொறந்திராத. எனக்கு எழுவது தாண்டிட்டு. இந்த வயசில பிணைக்கு எடுக்க மாட்டாங்களாம், நான் போன கிழமையே வங்கிக்குப் போய் விசாரிச்சிட்டு வந்திட்டன், அல்ஹம்துலில்லாஹ்.